மூடும் குறி வரும்வரை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அப்பாவும் இருக்கிறார். நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதுவும் நீ ஆபீஸ் வாசலிலேயே போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு உள்ளே போகிறவன். நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டாய். நீ கூப்பிடும் நேரத்தில் நான் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருப்பேன். ஆகவே நாம் பேசிக்கொண்டபடி இனி எழுத்துதான். எழுத்தில் குரலை உயர்த்த முடியாது, அந்த மட்டும் லாபம்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் விட்டுவிட்டு வந்த கம்பெனியிலிருந்து பழைய மேலதிகாரி கூப்பிட்டார். அவரை நாங்கள் தும்மல் என்றுதான் சொல்வோம். ஒரு மீட்டிங்கையும் தும்மாமல் முடித்ததில்லை. "உங்க எடம் காலியா இருக்கு. ஜூலை ஒண்ணாந்தேதி வந்து சேர முடியுமா?" என்று கேட்டார். அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த நாளிலிருந்து நான் ஒரு வரி புரோகிராம் எழுதவில்லை. எனக்கு இந்த வேலை வேண்டும், தம்பி. இன்னும் தள்ளிப்போனால் என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள். அந்த ஊருக்கு இங்கிருந்து ஒரு ராத்திரி ரயிலில் போகவேண்டும், அப்பாவைக் கூட்டிப்போக வழியில்லை. ஜூன் கடைசிக்குள் நீ வந்து அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முடியுமா முடியாதா, இரண்டில் ஒன்று எழுது.

ஆள் வைத்துப் பார்த்தாயிற்று. முதலில் வந்தவர், அப்பா இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டதும் கோபித்துக்கொண்டு போனார். அடுத்தவர் அவரைப் புரட்டாமலே விட்டு முதுகில் புண் வரவைத்துவிட்டுப் போனார். அந்தப் புண்ணை ஆற்ற எனக்குப் பாதி வருடம் ஆயிற்று.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. வாஷரை மாற்றினால் போதுமா, குழாயையே மாற்ற வேண்டுமா? நீதானே அதைப் போட்டாய்.

அப்பா உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம், ஒரு கடைவாய்ப் பல்லைத் தவிர. நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

குழாய்க்கு வாஷர் போதும். ரப்பர்தான் தேய்ந்திருக்கும். மேல் வால்வை மூடிவிட்டுக் கழற்று, இல்லாவிட்டால் சமையலறை குளமாகிவிடும்.

இங்கே தலைக்கு மேல் வேலை. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமத்தின் பழைய நோயாளிப் பதிவுகளைப் புது சர்வருக்கு மாற்றுகிறோம். ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபைல், ஒவ்வொன்றும் மலை போல. பார்வையிட வந்த நிர்வாகி அம்மாவுக்கு நான் விளக்கிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சரியாகச் சொன்னேனா பார்.

"ஒவ்வொரு விஷயத்துக்கும் முன்னால ஒரு தெறக்கற குறி, பின்னால ஒரு மூடற குறி இருக்கும்மா. நோயாளின்னு ஒண்ணு தெறக்கும். அதுக்குள்ள மருந்துன்னு ஒண்ணு. மருந்துக்குள்ள அளவுன்னு ஒண்ணு. டப்பாவுக்குள்ள டப்பா மாதிரி. இத ரெண்டு விதமாப் படிக்கலாம். மொத்தத்தையும் மெமரியில ஏத்தி ஒரு மரமா நிறுத்திட்டா, எந்தக் கெளைக்கும் ஏறலாம், எறங்கலாம். இல்லேன்னா மேலேர்ந்து கீழ ஒரே ஓட்டமாப் படிச்சுக்கிட்டே போகணும். இந்தக் குறி தெறந்துச்சு, இந்த எழுத்து வந்துச்சு, இந்தக் குறி மூடுச்சுன்னு ஒவ்வொண்ணா அறிவிப்பு வரும். வந்ததும் போயிடும். வேணுங்கறத நாமதான் பிடிச்சு வெச்சுக்கணும்."

"மொத விதம் நல்லாத்தானே இருக்கு, அத ஏன் விட்டீங்க?" என்றார் அந்த அம்மா.

நல்லாத்தான் இருந்தது. மரம் வளர வளர ஃபைலைப் போலப் பல மடங்கு மெமரியைத் தின்றது. பாதி வளரும் முன்பே சர்வர் மூச்சு முட்டிப் படுத்துவிட்டது. எங்கள் மேனேஜருக்கு 'சீக்கிரம்' என்று பெயர், வேறு வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. மரத்தை வெட்டு, ஓட்டமாகவே படி என்று உத்தரவு. இப்போது ஓட்டத்துக்கு எல்லாம் நானே திருப்பி எழுதுகிறேன். ஜன்னல் இல்லாத அறை. ஏசி என் பிடரிக்கு நேராக வீசுகிறது. வெளியே வரும்போது மழை பெய்திருந்தால் தரை ஈரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புள்ள,
தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. சமையலறையும் குளமாகவில்லை. நன்றி.

நிர்வாகி அம்மாவுக்கு நன்றாகத்தான் சொல்லியிருக்கிறாய். சின்ன வயதில் நீ என்னை மரமண்டை என்று கூப்பிட்டதற்கு இப்போது அர்த்தம் தெரிகிறது. நான் வேலையில் இருந்த வரை மரக்கட்சிதான். மேலே போய் யாருடைய பிள்ளை, யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் எனக்கு எதையும் நம்ப முடியாது. நீ ஓட்டக்கட்சி. பள்ளிக்கூடம் போகும்போது மதியச் சாப்பாட்டை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடினவன்தானே.

ஆனால் சண்டையே வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். ஃபைல் முழுவதையும் ஓட்டமாகவே படி. நோயாளி என்ற குறி திறந்ததும், அந்த ஒரு ஆளுக்கு மட்டும் ஒரு சின்ன மரம் கட்டு. அவர் வேலை முடிந்ததும் அதைக் கலைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போ. ஒரு நேரத்தில் ஒருவருடைய பாரம்தான் மெமரியில் இருக்கும். சர்வரும் படுக்காது.

ஜூன் கடைசியைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. தும்மல் மறுபடி கேட்டார், பதிலுக்காகப் பொறுத்திருக்கிறார். என்னிடம் பதில் இல்லை. பதில் உன்னிடம் இருக்கிறது.

அப்பாவுக்கு முன்னைக்கு இப்போது பேச்சு கொஞ்சம் குறைவு. மற்றபடி ஒன்றுமில்லை. சவரம் செய்யும்போது மட்டும் பழைய பஸ் டிரைவராகிவிடுகிறார். கன்னத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார், நான் பின்னால் போக வேண்டும்.

பல்வலி என்று எழுதியிருந்தாயே, டாக்டரிடம் காட்டினாயா? கடைவாய்ப் பல்லை அலட்சியம் செய்யாதே.

அப்பா உன்னை விசாரித்தார்.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடனே எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். பல்லைப் பிடுங்கியாயிற்று. இரண்டு நாள் இடது பக்கமாக மென்றேன், இப்போது பரவாயில்லை. நீ நினைவுபடுத்தியிருக்காவிட்டால் போயிருக்கமாட்டேன்.

உன் சின்ன மர யோசனையைச் சீக்கிரத்திடம் சொன்னேன். "நல்ல ஐடியாதான். எழுதினத எல்லாம் மறுபடி எழுத நேரம் எங்க இருக்கு? சீக்கிரம் முடிங்க" என்றார். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பதை அவரிடம் யார் சொல்வது? ஓட்டமாகவே முடித்துவிட்டோம். முதல் ஆஸ்பத்திரியின் ஃபைல் முழுதாகப் போயும் சேர்ந்தது. எல்லோரும் கை குலுக்கிக்கொண்டோம்.

அந்தக் குலுக்கல் அடங்கும் முன்பே வினை வந்தது. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் குழு ஒன்று இருக்கிறது. லட்சக்கணக்கான பதிவுகளில் ஒரு சிலவற்றில் மட்டும் மருந்தின் அளவு தப்பு. பழையதில் 250 என்று இருக்கிறது, புதியதில் 50. வலிப்புக்கான மாத்திரை, அக்கா. அந்த ஆள் 50 சாப்பிட்டால் நடுத்தெருவில் விழுவார். நல்ல வேளையாக இன்னும் எந்த டாக்டரின் மேஜைக்கும் போகவில்லை. எல்லாப் பதிவிலும் தப்பாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதுதான் பிராணனை வாங்குகிறது.

கண் எரிகிறது. நிறுத்துகிறேன். மற்றதெல்லாம் பார்க்கலாம்.

தம்பி


மே 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு விஷயம்தான். குழாய் இல்லை, பல் இல்லை, மரம் இல்லை. ஜூன் கடைசிக்குள் வருவாயா?

அப்பா விசாரித்தார்.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? உன் சின்னக் கடிதத்தைப் பல நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதவில்லை.

ஜூன் கடைசியில் வர முடியாது, அக்கா. அந்தத் தப்பு அகப்படாமல் யாரும் நகர முடியாது. அதை எழுதியவன் நான். விட்டுவிட்டு எப்படி வருவேன்? அதன் குணம் பேயின் குணமாக இருக்கிறது. அதே ஃபைலை மறுபடி ஓட்டினால் அதே ஆளுக்கே தப்பு வருகிறது. சரி, பிடித்துவிட்டோம் என்று அவரை மட்டும் தனியாக எடுத்து ஓட்டினால் 250 என்று ஒழுங்காக வருகிறது. ஃபைலின் தலையில் சும்மா ஒரு வரி சேர்த்து ஓட்டினேன். பழைய ஆள் சரியாகிவிட்டார், எங்கேயோ இருந்த வேறொரு ஆளுக்குத் தப்பு வந்துவிட்டது. ஒருத்தருக்கு இறக்கினால் அடுத்தவர் தலையில் ஏறுகிறது. சீக்கிரம் இப்போது என்னிடம் சீக்கிரம் என்று கூடச் சொல்வதில்லை. வந்து பின்னால் நின்று மூச்சு விட்டுவிட்டுப் போகிறார்.

தும்மலிடம் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்ல முடியாதா? உன்னைத் தெரிந்தவர், காத்திருக்கமாட்டாரா? இன்னும் ஒரு ஆள் வைத்துத்தான் பாரேன், எல்லோரும் அந்த இரண்டு பேர் மாதிரியா இருப்பார்கள்? உண்மையைச் சொன்னால், நீ பார்த்துக்கொள்கிற மாதிரி அப்பாவை யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது. நான் வந்தாலும் எனக்கு அது வராது.

கோபப்படாதே. எனக்கும் முடியவில்லை.

தம்பி


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தது. அப்பாகூடத் திரும்பிப் பார்த்தார்.

ஃபைலை அந்தப் படிக்கும் கருவி ஒரே மூச்சில் படிக்காது. துண்டு துண்டாக வாங்கித்தான் படிக்கும். துண்டு முடிகிற இடம் ஒரு எண்ணின் நடுவில் விழுந்தால், அந்த எண் இரண்டு அறிவிப்பாக வரும். முதலில் 2. அடுத்து 50. உன் புரோகிராம் என்ன செய்கிறது? எழுத்து வந்துச்சு என்றதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் புதிதாக வந்ததை வாங்கிக்கொள்கிறது. 2 போய்விட்டது, 50 நின்றுவிட்டது. தலையில் ஒரு வரி சேர்த்தால் துண்டின் எல்லை நகரும். பழைய ஆள் தப்பிப்பார், எல்லை போய் விழுகிற இடத்தில் இருப்பவர் மாட்டிக்கொள்வார். தனியாக எடுத்து ஓட்டினால் அவர் ஒரே துண்டுக்குள் அடங்கிவிடுவார், தப்பும் வராது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். அளவு என்ற குறி திறந்ததும் ஒரு காலிப் பாத்திரம் வை. எழுத்து எத்தனை தடவை வந்தாலும் அதில் சேர்த்துக்கொண்டே போ. மூடும் குறி வரும்வரை எதையும் முடிவாக எடுத்துக்கொள்ளாதே. மூடியதும் மொத்தமாக எடு. சின்ன மரம் கட்டியிருந்தால் அதுவே இப்படிச் சேர்த்துத் தந்திருக்கும், சீக்கிரத்துக்குத்தான் நேரமில்லையே.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பாய். புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. உன் பதில்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். மார்ச்சில் நான் வேலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன், கடைசியில் குழாயைப் பற்றி இரண்டு வரி. உன்னிடமிருந்து குழாய்க்குப் பதில் வந்தது. ஏப்ரலில் கடைசியில் பல் இருந்தது, பல்லுக்குப் பதில் வந்தது. கடைசியாக வந்ததை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறவன் புரோகிராமை மட்டும் வேறு மாதிரியா எழுதுவான் என்று தோன்றியது.

ஊதுகிற சங்கை ஊதிவிட்டேன். இனி உனக்கு அங்கே நிற்கக் காரணம் இல்லை. இன்னும் நாள் இருக்கிறது. வா.

அப்பா விசாரித்தார்.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஆயிரம் வணக்கம். நீ சொன்ன அதே இடம். திருத்தி ஓட்டினோம், ஒப்பிடும் குழு ஒரு தப்பும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்கள். சீக்கிரம் என் முதுகில் தட்டினார். எங்க அக்கா சொன்னாங்க என்றேன். "அக்கா எல்லாம் இருக்கட்டும், நீங்கதானே திருத்துனீங்க" என்றார்.

அப்புறம் ஒரு விஷயம். மற்ற ஆஸ்பத்திரிகளின் ஃபைல்களையும் எங்களுக்கே கொடுத்திருக்கிறார்கள். டிசம்பர் வரை வேலை. இந்தத் தடவை நான்தான் குழுவுக்குத் தலைவன். இத்தனை வருடத்தில் என்னை யாரும் எதற்கும் தலைவனாக வைத்ததில்லை. நீ கண்டுபிடித்துக் கொடுத்ததால்தான் கிடைத்தது, மறக்கமாட்டேன். கேட்ட நிமிடத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உன் நினைவு வந்தது.

என்ன செய்வது என்று நீயே சொல். அப்பாவின் மருந்துகள் எல்லாம் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதா?

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

மருந்து எல்லாம் கிடைக்கிறது.

நீ சீக்கிரம் வரவேண்டும் என்றுதான் உன் தப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அதை வைத்தே நீ டிசம்பர் வரைக்கும் போய்விட்டாய். உன் மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பா உன்னை விசாரித்தார் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன் இல்லையா? அவர் விசாரிக்கவில்லை. போன வருடக் கடைசியில் இரண்டாவது தடவை பக்கவாதம் வந்ததே, அத்தோடு பேச்சு போய்விட்டது. குறைவு என்று எழுதினேன், குறையவில்லை, நின்றே விட்டது. பசித்தால் கட்டில் கம்பியை இடது கையால் தட்டுவார். வலித்தால் கண்ணை மூடிக்கொள்வார். இந்த வீட்டில் பேசுகிறவள் நான் ஒருத்திதான். கேள்வியும் நானே, பதிலும் நானே. உன்னைப் பற்றி விசாரித்ததும் நானேதான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்காதே. உள்ளதை எழுதினால் பயந்துகொண்டு நீ வராமலே இருந்துவிடுவாய் என்று நினைத்தேன். மறைத்தும் நீ வரவில்லை.

நேற்று அவரைப் புரட்டும்போது என் தோளில் ஏதோ பிடித்துக்கொண்டது. அப்படியே கட்டில் ஓரத்தில் அவர் மேல் சாய்ந்தபடி நின்றேன். அவரால் நகர முடியாது, என்னாலும் நகர முடியவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் கதவைத் தட்டும்வரை இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல பார்வையாக இல்லை அது, தம்பி. இந்த ஆள் எப்போது போவார் என்று என் மனசில் ஓடியது. அது அவருக்குத் தெரிந்தது போலவும் இருந்தது.

வேலைக்கு வரமுடியாது என்று வெள்ளிக்கிழமை தும்மலுக்கு எழுதி அனுப்பப் போகிறேன்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

எழுதாதே. தும்மலுக்கு எதுவும் எழுதாதே.

உன் கடிதங்களை எல்லாம் மேஜையில் வரிசையாக வைத்து, மார்ச்சிலிருந்து ஒரே மூச்சில் படித்தேன். சீக்கிரத்திடம் மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு கேட்டேன். தலைவர் பதவியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டுப் போகட்டும். வியாழக்கிழமை ரயில் ஏறுகிறேன், வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் இருப்பேன். இந்தக் கடிதம் முந்தி வருகிறதா நான் முந்தி வருகிறேனா தெரியவில்லை.

பெட்டியைக் கட்டி வை.

தம்பி


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா சீராக இருக்கிறார், நான்தான் தேய்ந்துவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? புது அறை பிடித்திருக்கிறதா?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது இங்கே வந்த பிறகுதான் புரிகிறது. நீ போன அன்றே அவர் தட்டைத் தள்ளிவிட்டார். சுவர் எல்லாம் தெறித்தது. நானும் தட்டைத் தூக்கி வாசலில் வீசிவிட்டேன். தையல்காரர் அதை எடுத்துக் கழுவிக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இப்போது தள்ளுவதில்லை. சூடு அதிகமாக இருந்தால்தான் தள்ளுகிறார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஜூலை முழுவதும் ஆயிற்று. சவரம் செய்யும்போது கன்னத்தில் கீறிவிட்டேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் என்னைத் தேடவில்லை, அக்கா. அறைக்குள் நான் வந்தால் என்னைத் தாண்டிக் கதவைப் பார்க்கிறார். உன்னைத்தான் பார்க்கிறார். அப்படிப் பார்க்கும்போது கோபம் வருகிறது. அவர் மேல்தான், வேறு யார் மேல் வரும்? நாள் முழுக்க ஒரு ஆளிடம் கோபப்பட்டுக்கொண்டே அவர் வாயைத் துடைப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை.

லீவு செப்டம்பர் கடைசியில் முடிகிறது. சீக்கிரம் ஆள் மேல் ஆள் விட்டுக் கேட்கிறார், மூன்றாவது ஆஸ்பத்திரி ஃபைலில் ஏதோ சிக்கலாம். அதற்குள் நீ வந்துவிடுவாய்தானே? நீ போய் வேலையைப் பார்த்தாயிற்று, கை மறக்கவில்லை என்று உனக்கும் தெரிந்துவிட்டது. அதற்குத்தானே ஆசைப்பட்டாய்.

வெந்நீர்ப் பையை எங்கே வைத்தாய்? வீடு முழுக்கத் தேடிவிட்டேன்.

தம்பி


செப்டம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். இந்த வார்த்தையை இந்தத் தடவை யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வெந்நீர்ப் பை அப்பாவின் பீரோவில், மேல் தட்டில், கம்பளிக்குப் பின்னால் இருக்கிறது.

செப்டம்பர் கடைசியில் நான் வரமாட்டேன். அக்டோபரிலும் வரமாட்டேன். வேலையை விட்டுவிட்டு அந்த வீட்டுக்குத் திரும்பி வருவதாக இல்லை. இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்கு ஆசைதான், ஆனால் சுற்றி வளைத்து எழுதியே இந்த வருடம் பாதி போய்விட்டது.

கை மறக்கவில்லை என்று தெரிந்துகொள்வதற்காக நான் இங்கே வரவில்லை. வேலை செய்ய வந்தேன். முதல் வாரம் அறைக்கு வந்ததும் விழுந்து தூங்கினேன். சாப்பிட எழுந்தேன், மறுபடி தூங்கினேன். வீட்டுக்காரி உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டாள். ஆபீசில் என் நாற்காலி ஒரு பக்கம் சாய்கிறது. பக்கத்து மேஜைக்காரர் நாள் முழுக்க விசில் அடிக்கிறார். போன வாரம் நான் எழுதியதில் ஒரு தப்பு வந்து மொத்தப் பேரும் அரை நாள் சும்மா உட்கார்ந்தார்கள். தும்மல் வந்து திட்டினார். "இத்தன வருஷ அனுபவம், இதுல போய் விட்டுட்டீங்களே" என்றார். திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தபோது சந்தோஷமாக இருந்தது. என்னை வேலை தெரிந்தவளாக நினைத்துத் திட்ட ஒரு ஆள் இருக்கிறார் என்று.

உனக்கு உன் வேலை வேண்டும் என்றால் அது நியாயம்தான், நான் தடுக்கமாட்டேன். நல்ல ஆளாகத் தேடு. அப்பா மாதிரி இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன, போய்ப் பார். என்னிடம் கேள், சேர்ந்து முடிவு செய்யலாம், செலவிலும் பாதி என்னுடையது. நீ எழுந்த இடத்தில் அக்கா தானாக வந்து உட்கார்ந்துகொள்வாள் என்று மட்டும் நினைக்காதே.

கோபம் வருகிறது என்று எழுதியிருந்தாய். வரும். எனக்கு வந்ததைத்தான் உனக்கு ஜூனில் எழுதினேன். அது வந்தாலும் கையை மட்டும் மெதுவாக வைத்துக்கொள், அது போதும். சாப்பாட்டை உன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை அப்பாவைப் பார்க்க மட்டும் வருகிறேன், ஞாயிறு சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவேன். அந்த இரண்டு நாளும் நீயே புரட்டு, நீயே ஊட்டு, நீயே துடை. நான் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறேன். அவர் கதவைப் பார்க்கிறார் என்று எழுதினாயே, கதவைப் பார்க்க வேண்டாம், இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கு மகளாக இருக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

அன்புடன்,
அக்கா